சாலைக் கிணறும் ஒன்றரை ஜிபியும்

செவிலிமேட்டுச் சாலைக் கிணற்றிலிருந்து ராமாநுஜர் நாள்தோறும் ஒரு குடம் தீர்த்தம் எடுத்துப் போய்க் காஞ்சி வரதருக்குச் சமர்ப்பித்தார் என்பது ஐதிகம். சென்ற மாதம் அந்தக் கிணற்றைப் பார்க்கப் போன நான், அருகிலிருந்த ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் செல்போன் வழக்குக்கு மத்தியஸ்தனாகிவிட்டேன்.

அவர் சேலைகளை வீடியோவில் காட்டி வெளியூரில் ஆர்டர் பிடிப்பவர். முதல் நாள் மாலை ஒரு கல்யாணச் சேலையை விரித்து, முந்தானையைக் காட்டப் போன சமயம் படம் அப்படியே நின்றுவிட்டது. எதிர்ப்பக்கத்து அம்மாள் மறுபடி கூப்பிடவில்லை.

"போன் மந்தமாயிடுச்சுங்க ஐயா. கடன் வாங்கியாவது புதுசு வாங்கணும்" என்றார்.

வேகம் வேறு, அளவு வேறு. கிணற்றின் வாய் அகலமாக இருந்தால் ஒரே சமயத்தில் பல கயிறுகள் இறங்கும். பாண்ட்விட்த் என்பது அந்த அகலம். நம் வீட்டுக்கு எத்தனை குடம் என்பது தனிக் கணக்கு.

செய்தியை அளந்து விற்பது நமக்குப் பழக்கமான வியாபாரந்தான். 1871-ல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி ஓடத் தொடங்கியது; தந்திக்கு வார்த்தைக் கணக்கில் காசு. அந்தக் காசுக்குப் பயந்து, தகப்பனார் சாகக் கிடப்பதைக்கூட நாம் நாலு வார்த்தைக்குள் சொல்லி முடித்தோம். 2013-ல் தந்தியும் போய்விட்டது. டிரங்க் காலுக்கு நிமிஷக் கணக்கு.

1995 ஆகஸ்டு 15-ல் விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இண்டர்நெட்டைத் திறந்தபோது அதை மணிக் கணக்கில் விற்றது. ஒரு சந்தாவுக்கு 250 மணி நேரம். வேகம் விநாடிக்கு 9,600 பிட். எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட். திண்ணையிலேயே பென்சிலால் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 1,200 பைட். மணிக்கு 43 லட்சம். 250 மணிக்கு 108 கோடி. அதாவது ஒரு ஜிபிக்குச் சற்றே அதிகம்! நெசவாளருடைய ஒரு நாள் படியே ஒன்றரை ஜிபி.

"அவ்வளவும் எங்கேங்க போகுது?" என்றார்.

படி தீர்ந்ததும் கம்பெனி வேகத்தை விநாடிக்கு 64,000 பிட்டாக இறக்கிவிடுகிறது. 1995-ன் வேகத்தைப்போல் ஆறு மடங்குக்கு மேல்தான். ஆனால் வீடியோவுக்குப் போதாது. அளவில் நேர்ந்த குறை அவருக்கு வேகக் குறையாகத் தெரிந்தது இதனால்தான். 28 நாளுக்கு 42 ஜிபி என்று பெருமையாகக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் இன்று மிஞ்சியது நாளைக்கு வராது. ஆகையால் மாதக் கணக்கைவிட மாலைக் கணக்கே முக்கியம்.

போனின் செட்டிங்ஸில் எந்தச் செயலி எவ்வளவு குடித்தது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தோம். சேலை வீடியோவின் பங்கு சொற்பம். பெரும் பங்கு கிரிக்கெட்டுடையது. துல்லியமான படம் மணிக்கு மூன்று ஜிபி வரை விழுங்கும். அரை மணி ஆட்டத்திலேயே அன்றைய படி காலி. வேகமான போனில் படம் இன்னும் துல்லியமாக வந்து, இன்னும் சீக்கிரம் தீர்ந்திருக்கும். நிலைப்படியில் நின்ற பையன் மெல்ல உள்ளே நழுவினான்.

என் போனிலிருந்தே அந்த அம்மாளைக் கூப்பிட்டோம். இந்தத் தடவை முந்தானை முழுவதும் தெரிந்தது. அந்த அம்மாள் நிதானமாகப் பார்த்துவிட்டு, விலையில் ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொன்னாள்.