ஒரு லிட்டர் தண்ணீரின் வரலாறு

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் புதுக்கடையில் நம் வீடுகளில் இருவிதமான வைத்தியம் நடப்பதைக் காண்கிறோம். மூத்தவர்கள் கஞ்சித்தண்ணீரில் உப்பிட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். குடித்தால்தானே போகிறது என்று தண்ணீரையே நிறுத்திவிடுவோரும் உண்டு. மதரஸாவுக்கு மூன்று நாட்கள் வராதிருந்த மாணவன் ஒருவனைப் பார்க்கச் சென்றபோது அவன் கண்கள் குழிந்து, நா வறண்டு கிடந்தான். அவனுக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டிருந்தது, அதுவும் அன்பினால்தான். எந்த வைத்தியம் சரி என்ற வினாவுக்கு விடை கிடைத்த வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும் என்று அன்றே எண்ணினோம்.

அல்அன்பியா அத்தியாயத்தில் உயிரையும் தண்ணீரையும் இணைத்துக் கூறும் வசனத்தை ஓதிக்கொடுக்கும்போது, உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பிறந்த குழந்தையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். வளர்ந்த ஆணின் உடலில் சுமார் 60 சதவீதம். அது வெறும் தண்ணீரன்று. சோடியம், பொட்டாசியம், குளோரைடு போன்ற தாது உப்புகள் அதில் கரைந்துள்ளன. நரம்பு செய்தி கடத்துவதும் இதயம் துடிப்பதும் இந்த உப்புகளின் அளவைப் பொறுத்தவை. வயிற்றுப்போக்கில் தண்ணீரோடு உப்பும் வெளியேறிவிடுகிறது. ஆகவே வெற்றுத் தண்ணீர் மட்டும் போதாது.

மூன்றாவது பொருள் மாவுச்சத்து. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்று தனிமங்களால் ஆனது அது. சோற்றிலும் மரச்சீனிக் கிழங்கிலும் உள்ள மாவு என்பது குளுக்கோஸ் என்னும் சிறு சர்க்கரை ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலியே. குடலில் அச்சங்கிலி அறுந்து குளுக்கோஸாகிறது. 1960ஆம் ஆண்டு ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க அறிஞர், குடற்சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்தே உள்ளே செல்கின்றன என்று விளக்கினார். அவ்விரண்டும் நுழைந்தால் தண்ணீரும் பின்தொடர்ந்து உறிஞ்சப்படும். காலராக் கிருமியின் நஞ்சு குடலிலிருந்து தண்ணீரை வெளியே கொட்டச் செய்கிறது. ஆயினும் இந்த வாசலை அதனால் அடைக்க முடிவதில்லை. அல்லாஹ் திறந்து வைத்த வாசல் என்றே நாம் கருதுகிறோம்.

கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953லேயே காலரா நோயாளிகளுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழி கொடுத்து அதனை எழுதியும் வைத்தார். உலகம் பொருட்படுத்தவில்லை. 1968இல் டாக்காவில் நடந்த ஆய்வுகள் அம்முறையை உறுதிப்படுத்தின. எனினும் நரம்பில் ஏற்றும் சலைனே உண்மையான வைத்தியம் என்ற எண்ணம் மருத்துவர்களை விட்டு அகலவில்லை.

அதனை அகற்றியது ஒரு பேரிடர். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த போரில் ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். எல்லையோர ஊராகிய போங்காவில் காலரா பரவியது. அங்கு அனுப்பப்பட்ட மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், இரண்டு சிறு அறைகளின் தரையெங்கும் நோயாளிகள் கிடக்கக் கண்டார். சலைன் தீர்ந்துகொண்டிருந்தது; அதனை ஏற்றப் பழகிய ஆட்களும் போதவில்லை. கல்கத்தாவில் ஒரு நூலக அறையில் உப்பையும் குளுக்கோஸையும் சமையல் சோடாவையும் நிறுத்துப் பைகளில் அடைத்து அனுப்பச் செய்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா. கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தனர். தாய்மாரும் உடன்பிறந்தோரும் குவளையில் பிடித்துச் சென்று தம் நோயாளிக்குத் தாமே புகட்டினர். மற்ற முகாம்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருக்க, அவருடைய கவனிப்பில் இறந்தோர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. 2022இல் அவர் மறைந்தார். மறுஆண்டு பத்மவிபூஷண் வழங்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் தாமதித்த மரியாதை என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை.

பங்களாதேஷில் பிராக் என்னும் அமைப்பு 1980 முதல் பத்து ஆண்டுகள் வீடுவீடாகப் பெண்களை அனுப்பி, மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று கலக்கக் கற்பித்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட தாய்மார் கற்றனர். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்று பின்னர் சோதித்து, அதற்கேற்பவே கற்பித்தவருக்கு ஊதியம் தரப்பட்டது. ஆசிரியர் தொழிலில் இருக்கும் நமக்கு இது சற்று அச்சமூட்டும் ஏற்பாடுதான்!

கஞ்சித்தண்ணீரின் ரகசியமும் இப்போது விளங்கும்: அரிசிமாவு மெல்ல மெல்லக் குளுக்கோஸ் தருகிறது, உப்பு சோடியம் தருகிறது. மூத்தவர்கள் சொன்னது சரியே. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். அதில் பொட்டாசியமும் உண்டு. எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்பதைப் பொட்டலத்தில் படித்தே கரைக்க வேண்டும். அது இல்லாத நேரத்தில் கொதித்தாறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். சர்க்கரை மிகுந்தால் குடல் தண்ணீரை உள்ளே இழுப்பதற்குப் பதிலாக வெளியே விட்டுவிடும். கடையில் விற்கும் இனிப்புக் குளிர்பானங்களை நோயுற்ற பிள்ளைக்குக் கொடுக்கலாகாது என்பது இதனால்தான்.

பிள்ளை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குடிக்கவே இயலாமல் துவண்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பிள்ளையால் குடிக்க முடிந்தால் வழியிலும் புகட்டிக்கொண்டே செல்லலாம்.