மதுரைத் தொன்மங்களில் சமணர் சித்தரிப்பு

மதுரைத் தொன்மங்களில் சமணர் சித்தரிப்பு என்பது, மதுரையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வழங்கும் சைவத் தொன்மங்களில் சமண சமயத்தினர் மாயவித்தை செய்வோராகவும் நகரை அழிக்க முயலும் பகைவராகவும் காட்டப்படுவதைக் குறிக்கும். சேக்கிழாரின் பெரியபுராணமும் (12ஆம் நூற்றாண்டு), அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணமும் இதனை அறிய உதவும் முதன்மையான நூல்கள் ஆகும். ஐரோப்பியக் கதைகளில் யூதர்கள் காட்டப்பட்ட விதத்தோடு இச்சித்தரிப்பு ஒப்பிடத்தக்கது.

வரலாற்றுப் பின்னணி

மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் பண்டைக்காலம் முதல் சமண முனிவர்களின் உறைவிடங்களாக விளங்கின. மாங்குளம் (மீனாட்சிபுரம்) குன்றில் 1882இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் காலத்தில் கணிநந்தி என்னும் துறவிக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. ஆனைமலை, திருப்பரங்குன்றம் உள்ளிட்ட எட்டுக் குன்றுகள் "எண்பெருங்குன்றம்" என வழங்கப்பட்டன.

7ஆம் நூற்றாண்டில் பக்தி இயக்கம் வளர்ந்தபோது, அரச ஆதரவைப் பெறுவதில் சைவத்திற்கும் சமணத்திற்கும் இடையே போட்டி மிகுந்தது. திருஞானசம்பந்தர் தம் பதிகங்கள் பெரும்பாலானவற்றின் பத்தாம் பாடலில் சமணரையும் பௌத்தரையும் கண்டித்துள்ளார். மயிர் பறித்தல், நீராடாமை, நின்று உண்ணுதல் போன்ற சமணத் துறவு ஒழுக்கங்கள் அவற்றில் இகழ்ச்சிக்கு உள்ளாகின்றன. அக்காலத்தில் பிற சமயத்தாரை இகழ்வது ஒரு சமயத்திற்கு மட்டும் உரியதன்று. சமண நூலாகிய நீலகேசி பௌத்தம் முதலிய பிற சமயக் கொள்கைகளை மறுத்து எழுந்ததாகும்.

மூன்று மலைகளின் கதைகள்

திருவிளையாடற் புராணத்தின் மூன்று படலங்கள் மதுரையைச் சூழ்ந்த மலைகளின் தோற்றத்தைச் சமணரோடு தொடர்புபடுத்துகின்றன.

* யானை எய்த படலம்: சோழ மன்னன் ஒருவனின் ஏவலால் எண்ணாயிரம் சமணர் வேள்வி செய்து கொடிய யானை ஒன்றை உண்டாக்கி மதுரை மீது ஏவுகின்றனர். சிவபெருமான் வேடராக வந்து அதனை எய்து வீழ்த்துகிறார். அதுவே யானைமலை ஆயிற்று என்பர்.
* நாகம் எய்த படலம்: சமணர் வேள்வித் தீயிலிருந்து அனுப்பிய பாம்பை அனந்தகுண பாண்டியன் எய்து கொல்கிறான். அது நாகமலை எனப்படுகிறது.
* மாயப் பசுவை வதைத்த படலம்: பசுவைப் பாண்டியன் கொல்லத் துணியான் எனக் கருதிச் சமணர் மாயப் பசுவை ஏவுகின்றனர். நந்தி அதனை எதிர்கொள்ள, பசு மடிந்து பசுமலையாகிறது.

கழுவேற்றக் கதை

கூன்பாண்டியன் என அறியப்படும் நின்றசீர் நெடுமாறனின் வெப்பு நோயைச் சம்பந்தர் தீர்த்ததாகவும், பின்னர் நடந்த அனல்வாதம், புனல்வாதம் ஆகியவற்றில் சமணர் தோற்றதாகவும், எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டதாகவும் பெரியபுராணம் கூறுகிறது. இக்கதை திருவிளையாடற் புராணத்தில் தனிப் படலமாக அமைந்துள்ளது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் விழாவாகவும் இது நிகழ்த்தப்பட்டு வந்துள்ளது.

கழுவேற்றத்தைச் சம்பந்தரின் பதிகங்கள் கூறவில்லை. அவருக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்ட நம்பியாண்டார் நம்பியின் நூல்களிலேயே இச்செய்தி முதலில் காணப்படுகிறது. இதனைக் குறிக்கும் சமகாலச் சமண நூலோ கல்வெட்டோ கிடைக்கவில்லை. வரலாற்றாசிரியர் க. அ. நீலகண்ட சாத்திரி இதனை வரலாறாக ஏற்கவில்லை. எனினும் சமயப் பூசல் வன்முறையாக வெளிப்பட்டதன் நினைவை இக்கதை சுமந்திருக்கலாம் எனக் கருதுவோரும் உளர்.

கல்வெட்டுச் சான்றுகள்

யானைமலை என்னும் பெயர் புராணத்தினும் மிகப் பழமையானது. அம்மலையிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு "இவ குன்றம்" எனக் குறிக்கிறது. "இவம்" (இபம்) என்பதற்கு யானை என்று பொருள். படுத்திருக்கும் யானை போன்ற தோற்றத்தால் பெயர் முதலில் தோன்றியது என்பதும், வேள்வி யானையின் கதை பின்னரே அதனோடு இணைக்கப்பட்டது என்பதும் இதனால் விளங்கும்.

கழுவேற்றம் நிகழ்ந்ததாகக் கூறப்படும் காலத்திற்குப் பிறகும் பாண்டிய நாட்டில் சமணம் நிலைத்திருந்தது. யானைமலையிலும் கீழக்குயில்குடி சமணர் மலையிலும் உள்ள தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அச்சணந்தி என்னும் துறவியின் பெயர் இவ்விரு இடங்களிலும் பொறிக்கப்பட்டுள்ளது. பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில் கி.பி. 870ஆம் ஆண்டைச் சேர்ந்த, வரகுண பாண்டியன் காலத்துச் சமணக் கல்வெட்டு உள்ளது.

சித்தரிப்பின் தன்மை

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டதும், வேள்வியை மறுத்ததும் சமணம். புராணமோ சமணரையே வேள்வி செய்து கொலைவிலங்குகளை உண்டாக்குவோராகக் காட்டுகிறது. அவர்களின் கொள்கைக்கு நேர்மாறான செயல் அவர்கள் மீது ஏற்றப்படுவது குறிப்பிடத்தக்கது. மேலும், எண்ணாயிரவர் என்னும் பெயரற்ற கூட்டமாகவே அவர்கள் வருகின்றனர். தனி மனிதராக எவரும் உருப்பெறுவதில்லை.

ஐரோப்பிய ஒப்பீடு

இதே இயல்புகள் யூதரைப் பற்றிய ஐரோப்பியக் கதைகளிலும் உள்ளன. யூத சமயச் சட்டம் குருதி உண்பதைத் தடை செய்கிறது. ஆயினும் சடங்கிற்காகக் கிறித்தவச் சிறுவரின் குருதியை எடுப்பவர் என்னும் பழி அவர்கள் மீது சுமத்தப்பட்டது. இங்கிலாந்திலிருந்து யூதர் 1290இல் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட சாசரின் கேன்டர்பரி கதைகளில் யூதர் கொலைகாரராக வருகின்றனர். சமணர் மதுரையில் செல்வாக்கிழந்த பின்னர் எழுந்த திருவிளையாடற் புராணத்தின் நிலையும் இத்தகையதே.

தற்காலக் கற்பனைப் புனைவுகளும் இத்தகைய ஆய்வுக்கு உட்பட்டுள்ளன. தம் கதைகளின் குள்ளர் இனத்தை யூதரோடு ஒப்பிட்டு ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1955இல் ஒரு கடிதத்தில் எழுதினார். ஹாரி பாட்டர் தொடரில் வங்கி நடத்தும் கோப்ளின்கள் யூதரைப் பற்றிய பழைய கேலிச்சித்திரங்களை ஒத்திருப்பதாகத் திறனாய்வு எழுந்தது. 2023இல் வெளியான ஹாக்வார்ட்ஸ் லெகசி என்னும் நிகழ்பட விளையாட்டிலும் இவ்வினா மீண்டும் எழுப்பப்பட்டது. படைப்பாளரின் நோக்கம் அதுவன்று என மறுப்போரும் உளர்.

இன்றைய நிலை

தமிழ்ச் சமணர்கள் இன்றும் விழுப்புரம், திருவண்ணாமலை முதலிய வட தமிழக மாவட்டங்களில் வாழ்கின்றனர். மேல்சித்தாமூரில் அவர்களின் மடம் உள்ளது. மதுரைப் பகுதியிலோ அவர்களின் கல்வெட்டுகளும் சிற்பங்களும் கற்படுக்கைகளுமே எஞ்சியுள்ளன. சமணரைப் பற்றிப் பிறர் கூறிய கதைகளோடு, அவர்களே விட்டுச்சென்ற இச்சான்றுகளையும் சேர்த்துப் பார்க்கும்போதே பாண்டிய நாட்டின் சமய வரலாறு முழுமை பெறும்.