கட்டுமரம்: சென்னைத் துறையின் உயிர்மீட்புக் கலம்

கடலில் இடருற்றாரைக் கரைசேர்த்தற்கென்றே அமைந்த கலங்களை மேனாட்டார் பெரிதும் போற்றுவர். இங்கிலாந்து தேசத்தில் ஹென்றி கிரேட்ஹெட் என்பார் கட்டிய உயிர்மீட்புப் படகு 1790-ஆம் ஆண்டு சௌத் ஷீல்ட்ஸ் துறையில் நீரிலிறங்கிற்று. அவர் 1802-இல் கட்டிய ‘செட்லண்ட்’ என்னும் படகு ரெட்கார் என்னுங் கடற்கரையூரில் நெடுங்காலம் உழைத்து, 500-க்கு மேற்பட்ட உயிர்களை மீட்டது. இன்றும் அவ்வூர்ப் பொருட்காட்சிச் சாலையிற் பேணப்பெறுகின்றது. அவை உழைத்த காலத்திலேயே நம் சென்னைத் துறையிலும் அத்தகைய தொண்டு நடைபெற்றது. அதனைச் செய்தது நம் குலத்தாரின் கட்டுமரம். இச்செய்தியைப் பாலவாக்கத்திலும், அதனையடுத்த கொட்டிவாக்கம், நீலாங்கரைக் குப்பங்களிலும் வாழும் நம் இளைஞருள் எத்துணைப் பேர் அறிவர்?

1639-இல் ஆங்கிலக் கும்பினியார் சென்னையில் இடம்பெற்றபோது ஈண்டுத் துறைமுகம் இல்லை. ஒதுங்குதற்கு ஒரு குடாவோ, அலைதடுக்கும் ஒரு தீவோ இல்லாத திறந்த கரை இது. கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்றன. புயல் வருமாயின் அவற்றிற்குப் புகலிடம் யாதும் இல்லை. 1746-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய லபூர்தொனே என்னும் பிரெஞ்சுத் தளபதியின் கப்பற்படை, அடுத்த மாதத்தில் எழுந்த புயலால் இத்துறையிலேயே சிதைவுற்றமை சரித்திரம் அறிந்ததே.

புயலில்லாத நாளிலும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே வரிசை வரிசையாக மறிந்து விழும் அலைகளைக் கடந்தாக வேண்டும். மேனாட்டுப் படகுகள் அவ்வலையில் அகப்படின் தரையில் மோதிப் பிளந்துபோம். ஆதலின் மக்களையும் பொருள்களையும் மசூலாப் படகுகளே ஏற்றியிறக்கின. அவை ஆணியின்றித் தென்னநார்க் கயிற்றாற் பலகைகளைத் தைத்துச் செய்யப்பெற்றவை. அலை அறையும்போது முறியாமல் நெகிழ்ந்து கொடுக்கும் இயல்பின. ஆயினும் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடின் அவையும் கவிழும். கவிழ்ந்தபின் அதிலிருந்தோர் கதி யாது? அதற்கு விடையாகவே மசூலாப் படகுகளுடன் கட்டுமரங்களும் சென்றன. படகு கவிழ்ந்த அளவில் கட்டுமரக்காரர் நீரிற் பாய்ந்து, தத்தளிப்போரைப் பற்றித் தம் மரத்தின்மேல் ஏற்றிக் கரைசேர்ப்பர். கடல் மிகக் கொந்தளித்துப் படகுகள் செல்லலாகாத நாட்களிலும், ஓலையாற் செய்த கூம்புக் குல்லாயினுள் கடிதங்களை வைத்து நனையாமற் கப்பலுக்குக் கொண்டுசென்றோர் இவர்களே.

கட்டுமரம் மீன்பிடி மரமேயன்றி மீட்புக் கலமாதல் எங்ஙனம் என்று ஒரு சாரார் வினவக்கூடும். அதன் அமைப்பே அதற்கு விடையாகும். படகு என்பது நீரை வெளியே நிறுத்தி மிதப்பது. உள்ளே நீர் புகுந்தால் அமிழ்வது. கட்டுமரத்திற்கு உள் என்பதே இல்லை. இலேசான மரங்கள் சிலவற்றைக் கயிற்றாற் பிணைத்தது அது. மேலே விழும் நீர் மரங்களின் இடைவெளியே வடிந்துபோம். கவிழினும் மிதக்கும், புரட்டி நிமிர்த்தி மீண்டும் ஏறிக்கொள்ளலாம். அன்றியும் அது நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடப்பதாகலின், சோர்ந்தவனை உயரத் தூக்காமலே அதன்மேல் இழுத்துக் கிடத்தலாம். மேனாட்டார் தக்கையைச் சேர்த்துக்கட்டிப் பெற்ற மிதப்பை, நம் முன்னோர் மரத்தின் இயல்பாலேயே பெற்றனர். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட யாத்திரை நூலிற் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்தார். அச்சொல் இன்று பல மொழிகளில் வழங்குகின்றது. இரட்டை உடல்கொண்ட கப்பல்களுக்கு அதுவே பெயர்.

உயிர்மீட்ட கட்டுமரக்காரர்க்குத் துரைத்தனத்தார் பதக்கம் அளித்து வந்தனர். அக்காலத்து யாத்திரிகர் இதனை வியந்து எழுதியுள்ளனர். ஆயின் யாம் கண்ட குறிப்புக்களில், படகேறி வந்த துரைமார்க்குப் பெயருண்டு, கப்பலுக்கும் பெயருண்டு, நீரிற் பாய்ந்து அவர்களை மீட்டவனுக்குப் பெயரில்லை. அவன் வெறுங் ‘கட்டுமரக்காரன்’. பதக்கம் பெற்றவனின் பெயரை ஏட்டில் எழுதாது விட்டமை பெருங்குறையேயாகும்.

நிற்க, இத்தொண்டு முடிவுற்ற வரலாற்றையும் கூறுவாம். 1861-இல் கடலுள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. 1868, 1872 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் அதனைச் சிதைத்தன. 1876-இல் துறைமுகச் சுவர் எழுப்பத் தொடங்கினர். 1881-ஆம் ஆண்டு நவம்பர்ப் புயல் அதனையும் உடைத்தது. 1904-இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் துறைமுக வாயில் வடகிழக்கே மாற்றப்பெற்று, அது நிலைபேறுற்றது. கப்பல்கள் சுவரை அணைந்து நிற்கவே, மசூலாப் படகிற்கும் அதன் காவலான கட்டுமரத்திற்கும் துறையில் வேலை ஒழிந்தது.

குப்பங்களிலோ கட்டுமரம் மீன்பிடி மரமாகப் பின்னும் பன்னெடுங்காலம் வாழ்ந்தது. கடலிலிருந்து மீண்டதும் கட்டவிழ்த்து, நீர் ஊறிக் கனத்த மரங்களை மணலிற் பரப்பி உலர்த்துவர். மறுநாள் விடியுமுன் மீண்டும் கட்டுவர். 26-12-2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர், உதவியாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் கரையை நிறைத்தன. மரங்கள் அருகின.

மரம் அருகினும் தொண்டு அருகவில்லை. 31-10-2012 அன்று புயலில் ‘பிரதீபா காவேரி’ என்னும் எண்ணெய்க் கப்பல், பாலவாக்கத்திற்கு வடக்கே எலியட்ஸ் கடற்கரையருகே தரைதட்டியது. மாலுமிகள் ஏறியிறங்கிய உயிர்காப்புப் படகே கவிழ்ந்து, சிலர் மாண்டனர். அன்று தம் படகுகளைத் தள்ளிச் சென்று, எஞ்சியோரை அலையினின்று மீட்டவருள் அக்கரை மீனவர் முன்னின்றனர். 2015 டிசம்பரிற் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோதும், மீனவர் தம் படகுகளைத் தெருக்களுட் கொணர்ந்து மக்களை மீட்டனர். 1978-இற் சட்டப்படி நிறுவப்பெற்ற கடலோரக் காவற்படைக்கு இன்று பெரிய கப்பல்களும் வானூர்திகளும் உள. ஆயினும் அலை மறியும் கரையோரத்தில் முதலில் நீட்டப்பெறும் கை இன்றும் குப்பத்தான் கையே.

நேயர்களே! மரம் உளுத்துப்போம், கயிறு இற்றுப்போம். பெயர் எழுதிவைத்தாலன்றி நில்லாது. நம் குப்பங்களிற் பாட்டன்மாரின் பழம் பெட்டிகளில் எழுத்துத் தேய்ந்த பதக்கம் ஏதேனும் இருத்தல் கூடும். இருப்பின் அதனை உருக்கிவிடாமலும் விற்றுவிடாமலும், அதிற்கண்ட எழுத்தையும், உரியவர் பெயரையும், முதியோர் வாய்மொழியையும் எழுதி நம் சங்கத்திற்கு அனுப்புக. 2012, 2015 ஆகிய ஆண்டுகளிற் பிறரை மீட்டவர் இன்றும் நம்மிடையே உளர். அவர்தம் பெயரையும் இப்பொழுதே பதிவு செய்க. முன்னோர் பெயரை அயலார் எழுதாது விட்டனர் என்று வருந்தும் நாம், நம் காலத்தார் பெயரை எழுதாது விடுதல் தகுமோ?