எச்சத்துக்குக் காவல்

பெருவின் சின்ச்சா தீவுகளில் மழை பெய்வதே அபூர்வம். அதனால் நீர்க்காகம், பூபி, கூழைக்கடா இட்ட எச்சம் கரையாமல் சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேல் குவிந்து கிடந்தது. குவானோ என்ற இந்த உரத்தின் அருமை இன்காக்களுக்குத் தெரியும். முட்டையிடும் பருவத்தில் தீவுக்குள் கால் வைத்தால் மரண தண்டனை என்று வரலாற்றாசிரியர் கார்சிலாசோ டி லா வேகா எழுதிவைத்தார்.

1840-களில் வந்த வியாபாரிகள் இதையெல்லாம் சட்டை செய்யவில்லை. சீன ஒப்பந்தக் கூலிகள் வெயிலில் வெட்டிக் குவிக்க, கப்பல்கள் ஐரோப்பாவுக்கு அள்ளிப் போயின. 1864-இல் ஸ்பெயின் கடற்படை தீவுகளையே பிடித்துக்கொண்டது. எச்சத்துக்காக ஒரு போர்!

குவியல்கள் தீர்ந்த பிறகே புத்தி வந்தது. 1909-இல் உருவான குவானோ நிறுவனம் காவலர்களை நிறுத்தி, தீவுகளை முறைவைத்து மூடியது. பறவைகள் தொந்தரவின்றிக் குஞ்சு பொரித்தால்தானே எச்சம்?

இதில் பெரு பூபியின் குடும்பக் கணக்கு சுவையானது. கலாபகஸ் தீவுகளின் நாஸ்கா பூபி பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். இரண்டும் பொரித்தால், மூத்த குஞ்சு சில நாட்களிலேயே இளையதைக் கூட்டைவிட்டுத் தள்ளிக் கொன்றுவிடும். இரண்டாம் முட்டை வெறும் காப்பீடு. பெரு பூபியோ இரண்டு மூன்று குஞ்சுகளையும் சேர்த்தே வளர்க்கும். குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் தரும் நெத்திலிதான் காரணம். கடல்நீரைச் சூடாக்கும் எல் நினோ வந்து நெத்திலி விலகினால் கடைக்குட்டிதான் முதலில் பட்டினி கிடக்கும்.

1950-களில் மீன்மாவு ஆலைகளும் அதே நெத்திலிக்கு வலை வீசின. 1972-இல் எல் நினோவும் அளவுமீறிய மீன்பிடிப்பும் சேர்ந்து அந்த வளத்தையே முறித்தன.