துவாஸ் ஆலையும் விழுங்கணுக்களும்

சிங்கப்பூரின் மேற்குக் கோடியான துவாஸில், 2009ஆம் ஆண்டு கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் நிறுவனம் குழந்தைத் தடுப்பூசிகளுக்கான மூலப்பொருள் ஆலையைத் திறந்தது. நியூமோகாக்கல் தடுப்பூசி அவற்றுள் ஒன்று. அதன் வரலாற்றை நாம் 1882இன் மெசினா நகரிலிருந்தே தொடங்க வேண்டும்.

இத்தாலியின் அந்நகரில் தங்கியிருந்த உருசிய உயிரியலாளர் இலியா மெச்னிகோவ், குடும்பத்தார் சர்க்கஸ் காணச் சென்றிருந்த தனிமையில், நட்சத்திரமீனின் கண்ணாடி போன்ற இளவுயிரிகளுக்குள் ரோஜா முட்களைச் செருகினார். மறுநாட்காலை அம்முட்களை அலையும் உயிரணுக்கள் சூழ்ந்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கும் இவற்றை விழுங்கணுக்கள் என்கிறோம். நம் குருதியில் ஓடிவரும் நியூட்ரோபில்களும் திசுக்களில் குடியிருக்கும் மேக்ரோபேஜ்களும் இவ்வினமே. எவரும் கற்பிக்காமல் பிறவியிலேயே வாய்த்த எதிர்ப்பாற்றல் இது. குருதிநீரே உடலைக் காக்கிறது என்று வாதிட்டோர் இதனை எளிதில் ஏற்கவில்லை. 1908இல் நோபெல் பரிசை மெச்னிகோவும் அவ்வணியின் பால் எர்லிக்கும் பகிர்ந்துகொண்டனர். இருவருமே சரி என்பதற்கு நியூமோகாக்கஸைவிடத் தெளிவான சான்றினை நாம் அறியோம்.

அந்நுண்ணுயிர் சர்க்கரைச் சங்கிலிகளாலான வழுக்கும் உறையைப் போர்த்தியிருக்கும். விழுங்கணுவுக்குப் பிடி கிடைப்பதில்லை. குருதிநீரிலுள்ள எதிர்ப்பொருள் உறைமீது ஒட்டினால்தான் பிடி கிடைக்கும். ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் வெறும் சர்க்கரையைக் கண்டு போதிய எதிர்ப்பொருளை ஆக்குவதில்லை. நிமோனியா கொடிதாகத் தாக்குவதோ அவ்வயதினரைத்தான். எனவே சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்தனர். பிணைத்ததும் குழந்தையின் உடல் விழித்துக்கொண்டது. துவாஸ் ஆலை அத்தகைய பிணைப்புத் தடுப்பூசிக்கே அமைந்தது. அதே 2009இல் சிங்கப்பூரின் தேசியக் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையிலும் நியூமோகாக்கல் ஊசி சேர்ந்தது.