பழுப்பு வயரும் கறுப்பு வயரும்

பழுப்பு நிற வயர் ஒன்று. பழைய அம்பாசிடர் காரில் அது பேட்டரியிலிருந்து வரும் லைன். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாலும் அதில் கரண்ட் இருக்கும். அதே பழுப்பு வயர் ஜெர்மன் முறைப்படி வயரிங் செய்த எஞ்சினில் இருந்தால் அது எர்த். "ஒரே கலர்தானே" என்று இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினால் என்ன ஆகும்? பேட்டரி நேராக பாடியில் ஷார்ட் ஆகும். அந்த லைனில் ஃபியூஸ் கிடையாது. அதனால் எரிவது ஃபியூஸ் அல்ல, வயரிங்கே.

கறுப்பு வயரும் இப்படித்தான், தலைகீழாக. இங்கிலாந்து முறையில் கறுப்பு எர்த். ஜெர்மன் முறையில் சாவி போட்டதும் உயிர் பெறும் இக்னிஷன் லைன்.

பழைய வண்டியில் வேறு எஞ்சின் இறக்குவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குதிரைத்திறன், மைலேஜ், கியர்பாக்ஸ் பொருந்துமா என்றெல்லாம் பேசுவார்கள். வயரைப் பற்றிப் பேச்சே வராது. ஆனால் எஞ்சினை இறக்கி போல்ட் முடுக்கிய பிறகு, இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று சேராத கப்ளர்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் வேலையே ஆரம்பிக்கிறது. இந்தக் குழப்பம் ஒரு மெக்கானிக்கின் தவறால் வந்ததல்ல. நம் நாட்டு மோட்டார் தொழில் பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட். அதன் மின்சாமான்கள் லூகாஸ் வழி வந்தவை. (இங்கிலாந்துக்காரர்களே லூகாஸுக்கு "இருட்டின் இளவரசர்" என்று பட்டப்பெயர் வைத்துக் கிண்டல் செய்ததுண்டு!) 1961-ல் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் வந்தது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. இது இங்கிலாந்து வழி. இன்னொரு பக்கம் டாடா, 1954-ல் டெய்ம்லர் பென்ஸோடு கைகோத்தது. பாஷ் நிறுவனத்தின் இந்தியக் கிளையான மைக்கோ 1951-லேயே வந்துவிட்டது. இது ஜெர்மன் வழி. 1983-ல் மாருதியோடு ஜப்பான் வழியும் சேர்ந்தது. ஒரே ரோட்டில் மூன்று வயரிங் பாஷைகள்.

இதில் ஜெர்மன்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வயருக்கு நிறம் வைத்ததோடு நிற்காமல், மாட்டும் இடத்துக்கு நம்பரும் வைத்தார்கள். 30 என்றால் பேட்டரி. 15 இக்னிஷன். 31 எர்த். 50 செல்ஃப் மோட்டார். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று இருப்பது இந்த வழக்கம்தான். ஜெர்மன் மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாத ஆட்டோ எலக்ட்ரீஷியனும் "எம்பத்தேழுல கரண்ட் வருதா பாரு" என்று பையனிடம் சொல்வார். மூன்று பாஷைக்கும் பொதுவாகக் கிடைத்த ஒரே இலக்கணம் அது.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு வருவோம். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டம் ஆவதற்கு முன் எல்லாமே சேலம் ஜில்லாதான். மழையை நம்ப முடியாத மேட்டு நிலம். நிலத்தில் போட வேண்டிய பணத்தை லாரியில் போட்டவர்கள் நிறைய. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள், சங்ககிரியில் லாரிகள், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள். ரிக் வண்டியை யோசித்துப் பாருங்கள். லாரியை ஓட்ட ஒரு எஞ்சின், மேலே கம்ப்ரஸருக்குத் தனி எஞ்சின். வடமாநிலத்தில் ஏதோ ஒரு காட்டில் துளை போட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்று நின்றுபோனால் கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது. கடன் தவணை காத்திருக்காதே! கிடைத்ததைப் பொருத்தி ஓட்டும் பழக்கம் இப்படிப்பட்ட ஊரில் வளர்வதில் ஆச்சரியம் இல்லை.

கார்களில் எஞ்சின் மாற்றக் காரணம் வேறு. பெட்ரோல் விலைக்கும் டீசல் விலைக்கும் இருந்த வித்தியாசம். வாடகைக்கு ஓடும் பெட்ரோல் அம்பாசிடரில் டீசல் எஞ்சினை இறக்கினால், ஓடும் கிலோமீட்டரிலேயே செலவு திரும்பிவிடும் என்ற கணக்கு. மெர்சிடிஸ் உரிமத்தில் பஜாஜ் டெம்போ செய்த ஓஎம் 616 எஞ்சின் ஜீப்பிலும் காரிலும் ஏறியது இப்படித்தான். 1990-களின் தொடக்கத்தில் அம்பாசிடர் கம்பெனியே இங்கிலாந்து உடம்பில் இசுசு எஞ்சினை வைத்து விற்றது. பிற்பாடு இசுசு டீசலும் வந்தது.

அந்தக் கால டீசல் எஞ்சினுக்கு வயர் மிகக் குறைவு. செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், ஹீட்டர் பிளக், ஆயில் பிரஷர் விளக்கு, டெம்பரேச்சர் மீட்டர், சில எஞ்சின்களில் டீசலை நிறுத்தும் சோலனாய்டு. அவ்வளவுதான். காயில், டிஸ்ட்ரிபியூட்டர் வயர்கள் வேலையில்லாமல் போய்விடும். நிறத்தைப் பார்க்காமல், டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொரு வயரும் என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து, துண்டு டேப்பில் எழுதி ஒட்டிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் கப்ளர் பொருந்திவிட்டது என்பதற்காக வேலை சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. டெம்பரேச்சர் மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினில் இருக்கும் சென்டர், சூட்டுக்கு ஏற்பத் தன் மின்தடையை மாற்றும். டாஷ்போர்டில் இருக்கும் மீட்டர் ஒரு குறிப்பிட்ட சென்டருக்காகவே செய்யப்பட்டது. புது எஞ்சினின் சென்டரில் பழைய வயரை மாட்டினால் முள் நகரத்தான் செய்யும், ஆனால் பொய் சொல்லும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நிறைய ஆட்களோடு ஏறும் வண்டியில், முள் நடுவில் நிற்கும்போதே உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கலாம். ஹெட் கேஸ்கட் போன பிறகுதான் டிரைவருக்குத் தெரியும். பழைய சென்டரையே கழற்றிப் புது எஞ்சினில் மாட்ட வேண்டும், மரை பொருந்தாவிட்டால் அடாப்டர் கடைந்து போட வேண்டும். அல்லது மீட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். சின்ன வேலை. அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

2000-ல் புகை விதிகள் இறுகியபோது மாருதி 800-க்கே எம்பிஎஃப்ஐ வந்துவிட்டது. டீசல் கார்களில் காமன் ரயில் வந்தது. கம்ப்யூட்டர் இருக்கும் எஞ்சினில் பழைய டெஸ்ட் லேம்ப் ஆபத்து. அது இழுக்கும் கரண்டை ஈசிஎம் தாங்காமல் போகலாம். பல சென்சார்களுக்கு 5 வோல்ட்தான். அதில் 12 வோல்ட் கொடுத்தால் கதை முடிந்தது. அதனால் மல்டிமீட்டரும் இரண்டு வண்டியின் சர்க்யூட் படமும் இல்லாமல் கை வைக்கக் கூடாது. கேன் லைன் என்ற முறுக்கிய ஜோடி வயருக்கு நடுவே, பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் ஏறக்குறைய 60 ஓம் காட்ட வேண்டும் என்பதெல்லாம் இந்தத் தலைமுறை கற்றுக்கொண்ட பாடம்.

ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் நல்ல உதாரணம். 2007-ல் ஸ்விஃப்டில் வந்தது, 2008-ல் இண்டிகா விஸ்டாவில், அப்புறம் புன்டோவில். எஞ்சின் ஒன்றுதான். ஆனால் வயரிங்கும் ஈசிஎம்மில் இருக்கும் புரோகிராமும் அந்தந்த காருக்கானவை. சாவியில் இருக்கும் சிப்பை இம்மொபிலைசர் அடையாளம் காணாவிட்டால் எல்லா வயரும் சரியாக இருந்தாலும் ஸ்டார்ட் ஆகாது.

சட்டமும் ஒரு பக்கம் இறுகியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு 2000-ல் திருத்தப்பட்டது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. (குறைந்தது 10 போக்குவரத்து வண்டி வைத்திருப்பவர்கள், அதே கம்பெனியின் அதே வகை எஞ்சினை மாற்றிக்கொள்ள மாநில அரசு சலுகை தரலாம் என்ற ஒரு உட்பிரிவும் உண்டு. லாரி ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய வரி.) 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீங்கியது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த இடைவெளி சுருங்கியதும், பெட்ரோல் காரை டீசலாக்கும் கணக்கு பழையபடி உதைக்கவில்லை.

செத்த எஞ்சினுக்குப் பதில் அதே வகைப் பழைய எஞ்சின் தேடுகிறவர்கள் மட்டும் இருக்கவே செய்கிறார்கள். விவரம் தெரிந்தவர் பழைய சாமான் கடையில் கம்ப்ரஷன் எப்படி என்று கேட்பதற்கு முன்னால் கேட்பது, "கப்ளரை அறுக்காம வயரிங் முழுசா இருக்கா? ஈசிஎம்மும் சாவியும் அதே வண்டிதானா?"