ஒரு விரல், ஒரு தோட்டா, ஒரு தொடைத்தசை

எங்க பாலவனத்தத்தில் ஹாக்கி என்று பேச்செடுத்தால், "அது கோவில்பட்டிக்காரங்க ஆட்டம்ல" என்பார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கமெல்லாம் கபடி, கிரிக்கெட்தான். கோவில்பட்டியில் ஆட்டம் பார்க்கப் போனால் ஒரு வசனம் தவறாமல் காதில் விழும்: "அவன் மட்டும் இறங்கியிருந்தா கப்பு நமக்குத்தான்."

இந்த 'இருந்தா' எவ்வளவு தூரம் நிஜம்? முக்கியமான ஒரு ஆள் காயம்பட்டால் ஒரு தொடரே கை மாறிவிடுமா? இந்திய ஹாக்கி வரலாற்றில் ஆமாம், இல்லை இரண்டுக்குமே சாட்சி இருக்கிறது. காயம் எவ்வளவு பெரிசு என்பதைவிட, அந்த ஆள் அணியில் என்ன வேலை பார்த்தார் என்பதுதான் கணக்கு. இது என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்கள் சண்டைக்கு வரலாம் :-)

முதலில் 1956, மெல்போர்ன் ஒலிம்பிக். கேப்டன் பல்பீர் சிங் சீனியர். 1952 ஹெல்சிங்கி இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை இந்தியா 6-1 என்று வென்றபோது, அந்த ஆறில் ஐந்து கோல் இவர் அடித்தது. மெல்போர்னில் முதல் ஆட்டமே ஆப்கானிஸ்தானோடு 14-0. பல்பீருக்கு ஐந்து கோல். கூடவே வலது கையில் விரல் எலும்பு முறிந்தது.

அன்றைய விதிப்படி ஆட்டத்தின் நடுவே மாற்று ஆள் இறக்க முடியாது. ஒருவர் முடியாமல் வெளியே போனால் மிச்ச நேரம் முழுக்க பத்து பேர்தான். அப்படியிருக்க, விரல் முறிந்தவரை ஆட வைப்பதா, உட்கார வைப்பதா? அதிகாரிகளும் பயிற்சியாளரும் கூடிப் பேசி ஒரு தந்திரம் செய்தார்கள். மிச்சமிருக்கும் லீக் ஆட்டங்களில் அவருக்கு ஓய்வு. அரையிறுதியிலும் இறுதியிலும் ஆட வேண்டும். காயம் பட்ட செய்தி மட்டும் வெளியே கசியக் கூடாது. ஏன் இந்த ரகசியம் என்றால், பல்பீர் மைதானத்தில் இருந்தால் எதிரணி குறைந்தது இரண்டு பேரை அவர் பின்னாலேயே அலைய விடும். அவர் ஓடினாலே போதும், மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும்.

காமர்ஸ் பையனாகச் சொன்னால், தேய்மானம் காட்டாமல் சொத்தைப் பழைய மதிப்பிலேயே பேலன்ஸ் ஷீட்டில் நிறுத்திய மாதிரி. எங்க ஆடிட்டிங் சார் கையெழுத்தே போட மாட்டார்!

ரந்தீர் சிங் ஜென்டில் தலைமையில் அமெரிக்காவை 16-0, சிங்கப்பூரை 6-0 என்று முடித்தார்கள். அரையிறுதிக்கு பல்பீர் திரும்பினார். ஜெர்மனியோடு 1-0. டிசம்பர் 6 அன்று இறுதிப் போட்டி. எதிரே பாகிஸ்தான். ஒலிம்பிக் இறுதியில் இரண்டு நாடுகளும் மோதியது அதுதான் முதல் முறை. அதுவும் 1-0. பெனால்டி கார்னரில் அந்த ஒரே கோலைப் போட்டது ஜென்டில். வலியோடு ஆடிய பல்பீர் இந்த இரண்டு ஆட்டத்திலும் கோல் அடிக்கவில்லை. அவரிடம் கேட்ட வேலையும் அது இல்லையே! தொடர் முழுக்க இந்தியா போட்டது 38 கோல், வாங்கியது பூஜ்யம்.

ஆக, எதிரியை மிரட்டி நிறுத்துவது ஒரு வேலை. அதை முறிந்த விரலோடும் செய்யலாம். டிராக் ஃபிளிக் அப்படி இல்லை. பெனால்டி கார்னரில் ஒருவர் பந்தைத் தள்ளிவிட, வட்டத்துக்கு வெளியே இன்னொருவர் நிறுத்த, மூன்றாமவர் அதை மட்டையால் இழுத்துச் சுழற்றி கோலுக்குள் வீசுவார். வருஷக்கணக்கில் பழகினால்தான் வரும். ஒரு அணியில் அதை உருப்படியாகச் செய்கிறவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள்.

2003 செப்டம்பரில் நம்ம டிராக் ஃபிளிக்கர் ஜுக்ராஜ் சிங் கார் விபத்தில் சிக்கினார். இந்திய அணிக்குத் திரும்பவே முடியவில்லை. அதே மாதம் கோலாலம்பூரில் நடந்த ஆசியக் கோப்பையை, நம்ம தன்ராஜ் பிள்ளை தலைமையில் இந்தியா இறுதியில் பாகிஸ்தானை 4-2 என்று வென்று முதல் முறையாகத் தூக்கியது. அப்போ காயம் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். ஒரு வாரத் தொடரில் வேகமும் வெறியும் அந்தக் குறையை மூடிவிடும். நாளாக ஆக அந்த ஓட்டை தெரியும். அதை அடைக்கத்தான் அடுத்த வருடம் சந்தீப் சிங் என்கிற சின்னப் பையன் வந்தார்.

2006 ஆகஸ்ட் 22. அணியோடு சேர டெல்லிக்கு சதாப்தி ரயிலில் போய்க்கொண்டிருந்தார் சந்தீப். ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து, தோட்டா அவர் உடம்பில் பாய்ந்தது. ஜெர்மனியில் உலகக் கோப்பை தொடங்க இரண்டே வாரம். பயிற்சியாளர் நம்ம சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன், 1980 மாஸ்கோ தங்கத்தின் கேப்டன். பாவம், அவர் என்ன செய்வார்? 12 அணிகளில் இந்தியாவுக்கு 11ஆவது இடம். எல்லாவற்றையும் அந்தத் தோட்டாவின் தலையில் கட்ட மாட்டேன், அணி அதற்கு முன்பே தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் போனதில் நமக்கு என்ன நஷ்டம் என்பது 2012இல் தெரிந்தது. சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து வந்த சந்தீப், டெல்லியில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் 16 கோல் போட்டார். பிரான்ஸை 8-1 என்று வென்ற இறுதியில் மட்டும் ஐந்து.

மூன்றாவது கதை 2023 உலகக் கோப்பை, ஒடிசாவில். முதல் ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராக ஹர்திக் சிங் தனியாகப் பந்தை எடுத்துப் போய் ஒரு கோல் போட்டார். அடுத்தது ஜனவரி 15, ரூர்கேலாவில் இங்கிலாந்தோடு. 0-0 டிரா. ஹர்திக்குக்குத் தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது. நடுக்கள ஆட்டக்காரருக்கு ஓடுவதுதான் பிழைப்பே, இதை எப்படி மறைப்பது? ஸ்கேன், தொலைக்காட்சி என்று இருக்கிற காலத்தில் ரகசியமும் செல்லாது. ஒரு வாரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அவருக்குப் பதில் ராஜ்குமார் பாலைச் சேர்த்தார்கள். குழுவில் இரண்டாவதாக வந்ததால் காலிறுதிக்கு முன் நியூசிலாந்தோடு இன்னொரு ஆட்டம். 3-1 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 3-3. நடுக்களத்தில் பந்தைப் பிடித்து வைத்து நேரத்தைக் கரைக்க ஒரு ஆள் இல்லாதது அப்பட்டமாகத் தெரிந்தது. ஷூட் அவுட்டின் சடன் டெத்தில் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷும் காயம்பட்டு வெளியேற, கிருஷன் பதக் அவசரமாக வந்து நின்றார். 4-5. கதை முடிந்தது.

ஊசி போட்டாவது ஹர்திக்கை இறக்கியிருக்கலாம் என்று பலர் கொதித்தார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. விரலுக்குச் செய்ததைத் தொடைக்குச் செய்ய முடியாது. அதே ஹர்திக்தான் அந்த வருடத்துக்கான சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். 2024 பாரிஸில் வெண்கலம் வென்ற அணியின் நடுக்களத்திலும் அவர் ஓடிக்கொண்டிருந்தார்.